ரத்தக் கழிச்சல் வந்த குஞ்சுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து

இந்த ஈட்டுச் சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு நாலாவது வாரத்தில் ரத்தக் கழிச்சல் வந்துவிட்டது. விடாத மழையில் தரையில் பரப்பிய உமி ஈரமாகி, தண்ணீர்த் தட்டைச் சுற்றிக் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தது. இந்த நோயை உண்டாக்கும் காக்ஸிடியா ஒட்டுண்ணியின் முட்டைக்கு ஈரமும் வெதுவெதுப்பும் போதும், இரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும்.

எச்சத்தில் லேசாகச் சிவப்பு தெரிந்தாலே நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். குருட்டுக்குடலிலிருந்து வரும் எச்சம் நல்ல குஞ்சுக்கே கரும்பழுப்பாக, கூழாகத்தான் இருக்கும். குடலின் உள்சவ்வு உதிர்ந்து இளஞ்சிவப்பாக வருவதும் உண்டு. ஆனால் இங்கே கிடந்தது அசல் ரத்தம். அதோடு இரண்டு குஞ்சுகள் இறகை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி, சூட்டுக்காகப் போட்ட பல்புக்கு அடியிலேயே நின்றன. எச்சத்தை ஒரு பாலிதீன் பையில் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு ஆம்ப்ரோலியம் 20% பவுடர் எழுதிக் கொடுத்தார். லிட்டருக்கு 1.2 கிராம், கரைசலாகப் பார்த்தால் 0.024%. ஐந்து நாள் இதைத் தவிர வேறு தண்ணீர் வைக்கக் கூடாது, தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும் என்றார். டீஸ்பூன் கணக்கெல்லாம் இதற்குச் சரிப்படாது. நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசில்தான் நிறுத்தேன்.

கொடுத்துக்கொண்டிருந்த பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் நிறுத்தச் சொன்னார். ஆம்ப்ரோலியம் வைட்டமின் பி1 மாதிரி வேஷம் போட்டுத்தான் ஒட்டுண்ணியைப் பட்டினி போடுகிறது. கூடவே நிஜ பி1 கொடுத்தால் மருந்து வேலை செய்யாது.

தட்டில் கலந்து வைத்ததை மற்ற குஞ்சுகள் தாமாகவே குடித்துக்கொண்டன. சிக்கல் அந்த இரண்டில்தான். எந்தக் குஞ்சுக்கு மருந்து அதிகம் தேவையோ, அது தட்டுப் பக்கமே போகாது. அதற்காகக் கெட்டியாகக் கலந்து புகட்டுவது ஆபத்து. அதே கரைசலைத்தான் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

முதலில் சூடு. உடம்பு குளிர்ந்த குஞ்சுக்குக் கழுத்தடியில் இருக்கும் இரைப்பை அசையாது, ஊற்றினது அப்படியே தங்கிவிடும். பல்பைக் கொஞ்சம் தாழ்த்தி, கால் விரல் கைக்குக் கதகதப்பாகத் தெரியும் வரை காத்திருந்தேன். அப்புறம் பழைய பருத்தித் துண்டில் தளர்வாகச் சுற்றி, இடது கையில் நிமிர்ந்த வாக்கில் பிடித்தேன். நெஞ்சை அழுத்தவே கூடாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு.

அலகை மெல்லத் திறந்து பார்த்தால் நாக்கின் பின்பக்கம், நட்டநடுவே, ஒரு சின்னப் பிளவு மூடி மூடித் திறக்கும். அதுதான் மூச்சுக்குழலின் வாசல். சிரிஞ்சால் நேராகப் பீய்ச்சினால் மருந்து போய்ச் சேருவது அங்கேதான்.

அம்மா, "பாலாடை எடுத்துட்டு வரட்டுமாப்பா? உனக்கெல்லாம் அதுலதான் ஊத்தினேன்" என்று கேட்டார். 130 கிராம் குஞ்சுக்குப் பாலாடை ஆகாது, ஒரே சாய்ப்பில் மூச்சடைத்துவிடும். ஊசியைக் கழற்றிய 1 மில்லி சிரிஞ்சை எடுத்துக்கொண்டேன். இன்சுலின் சிரிஞ்சு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் இருப்பது யூனிட் கணக்கு, 40 யூனிட் சிரிஞ்சில் 40 கோடு சேர்ந்தால்தான் 1 மில்லி.

அலகின் பக்கவாட்டில், மேல் அலகும் கீழ் அலகும் சேரும் கோட்டில், ஒரு சொட்டு வைத்தேன். அது தானாக உள்ளே இழுபட்டது. குஞ்சு அலகைச் சப்புக்கொட்டி, தலையை லேசாகத் தூக்கி விழுங்கியது. விழுங்கினதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. தலையை நாமே அண்ணாந்து பிடிக்கக் கூடாது. அரை மில்லி உள்ளே போகவே பொறுமை வேண்டும். மணிக்கொரு தரம் கொடுக்கும் முன் இரைப்பையைத் தடவிப் பார்த்தேன். பழைய தண்ணீர் தளதளவென்று நின்றால் அந்த முறையைத் தள்ளிவிடுவேன். மூச்சில் கரகரப்பு கேட்டாலும் அப்படித்தான்.

ஒன்று மறுநாள் விடியும் முன்பே செத்துவிட்டது. ஏற்கெனவே ரத்தம் நிறையப் போயிருந்தது, மருந்துக்கு அது அவகாசமே தரவில்லை. மற்றது அன்று மத்தியானம் மருந்துத் தண்ணீரில் பிசைந்த தீவனத்தைக் கொத்தியது, சாயங்காலம் தானாகவே தட்டுக்கு நடந்து போனது. அதோடு சிரிஞ்சை எடுத்து வைத்துவிட்டேன்.

ஐந்து நாளுக்குப் பிறகு டாக்டர் அளவைக் கால்பங்காக, 0.006% ஆகக் குறைத்து, இன்னும் ஒரு வாரம் தொடரச் சொன்னார். டானிக் அது முடிந்த பிறகுதான். உமியை மொத்தமாக அள்ளி எரித்தாயிற்று. இந்த ஒட்டுண்ணியின் முட்டை வழக்கமான கிருமிநாசினிக்கு அசராது, ஈரம் காய்வதற்கும் வெயிலுக்கும்தான் பணியும். தண்ணீர்த் தட்டை இப்போது கம்பி வலைச் சட்டத்தின் மேல் வைத்திருக்கிறேன். சிந்துவது கீழே இறங்கிவிடுகிறது, மேலே உமி காய்ந்தே இருக்கிறது.