ஜவ்வு ஆபரேஷனுக்கு அப்புறம் தொடைக்குத்தான் வேலை

முட்டி ஜவ்வு அறுந்து ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கோபி பக்கம் திருவிழாக் கபடியில் ரெய்டு போய், காலை ஊன்றித் திரும்பியபோது முட்டிக்குள் டப்பென்று சத்தம். யாரும் மேலே விழவில்லை. சாயங்காலத்துக்குள் வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்ததும் நேராக நடக்க முடிந்தது, திரும்பினால் மட்டும் முட்டி நழுவியது.

கோயமுத்தூரில் டாக்டர் படுக்க வைத்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். நல்ல கால் சட்டென்று தடுத்து நின்றது. அடிபட்ட கால் இழுத்த இழுப்புக்கு வந்தது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல், முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பது ஏசிஎல் ஜவ்வு. அதுதான் அறுந்திருந்தது. உள்பக்க ஜவ்விலும் லேசான கிழிசல், அது தானாக ஆறிவிடும் என்றார். மூட்டுக்கு நடுவில் இருக்கும் ஏசிஎல் அப்படிச் சுலபமாக ஒட்டாது. என் பின்தொடையிலிருந்தே நார் எடுத்துப் புது ஜவ்வாக வைத்தார்கள்.

ஆபரேஷன் சீக்கிரம் முடிந்துவிடும். அப்புறம் தொடையை மீட்பதுதான் பெரும்பாடு. முட்டி வீங்கியிருந்தால் முன்தொடைச் சதை சரியாக வேலை செய்யாது, வேகமாக வற்றவும் செய்யும். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னபோது, என் சதை அசையவே இல்லை. பிசியோ அக்கா அந்த இடத்தில் விரலால் தட்டி, "இங்க இறுக்கு கண்ணு, குதிகால் எந்திரிக்கோணும்" என்பார். குதிகால் மெத்தையை விட்டு எழும்பிய அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்தொடைச் சதை கீழ்க்காலைப் பின்னால் இழுத்து ஏசிஎல்லுக்குத் துணை நிற்கிறது. முன்தொடையோ, காலை முழுசாக நீட்டும் கடைசிக் கட்டத்தில் முன்னால் இழுக்கிறது. அதனால்தான் ஆரம்பத்தில் எடை கட்டிக் காலை நீட்ட விடாமல், இரண்டும் சேர்ந்து உழைக்கும் அரை உட்கார்வு கொடுத்தார்கள். இடுப்புப் பக்கச் சதைக்கும் பயிற்சி உண்டு. அது தளர்ந்தால் முட்டி உள்ளே சாயும்.

இரண்டு மூன்று மாதத்தில் வலி போய்விடும். கூட்டாளிகள் ஆடக் கூப்பிடுவார்கள், போகாதீர்கள். வைத்த நார் அப்போதுதான் உள்ளுக்குள் மாறிக்கொண்டிருக்கும், பலம் குறைவாக இருக்கும். குறைந்தது 9 மாதமாவது ஆக வேண்டும். அதற்கப்புறமும், அடிபட்ட காலின் பலம் நல்ல காலில் 90 சதவீதத்தைத் தொட்டதை அளந்து பார்த்துத்தான் அக்கா என்னைக் களத்தில் இறங்க விட்டார்.