பாலத்தில் எறிந்த கல்

கல்லூரி விட்டதும் காலி வீதியால் வெள்ளவத்தைக்கு நடந்தே வருவோம். பஸ் காசு மிஞ்சினால் வடை. வழியில் கனால் பாலம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே ஓட்டம். அங்கே நின்று தண்ணீரைப் பார்க்கச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் பௌதிக சேர்தான்.

1992 ஜூனில் கொழும்பு வெள்ளத்தில் தாண்டது என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அது. எங்கள் ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். அம்மா அரிசி வாளியைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்தா. பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியதும் சேரிடம் கேட்டேன்: "கடல் கூப்பிடு தூரத்தில கிடக்கு, பிறகேன் சேர் வெள்ளம் வடியேல்லை?" பதில் இல்லை. சனிக்கிழமை பாலத்தடிக்கு வரச் சொன்னார்.

நாலு பேர் போனோம். கரையில் கயிறு பிடித்துப் பத்து மீற்றர் அளந்தோம். மிதவைக்குத் தோடம்பழத் தோல். 25 செக்கன் எடுத்தது. "செக்கனுக்கு 0.4 மீற்றர்!" என்று நான் முந்திக்கொண்டு கத்தினேன்.

"அது மேல்தண்ணியின்ர ஓட்டமடா. அடியில சேறு பிடிச்சு இழுக்குமெல்லோ? 0.85ஆல பெருக்கு."

பிறகு ஒரு கல்லை எடுத்து நடுவில் போட்டார். "வட்டத்தை வடிவாப் பார். கிருலப்பனைப் பக்கமும் போகுதோ?"

போனது. ஓட்டம் கொஞ்சம் இழுத்தாலும், அலை எதிர்த்து மேலே ஏறியது.

"அப்ப கடல்வாயில நடக்கிற சங்கதி மேல இருக்கிறவனுக்குப் போய்ச் சேரும். விளங்கிச்சோ?"

பாதிதான் விளங்கியது. மற்றப் பாதி கட்டுபெத்தையில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், கண்ணாடிச் சுவர் வைத்த நீளமான ஆய்வுகூடத் தொட்டிக்கு முன்னால் நின்றபோது விளங்கியது. ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் நீண்ட அலை செக்கனுக்கு மூன்று மீற்றருக்கு மேல் ஓடும். ஓட்டத்தின் வேகத்தை அலையின் வேகத்தால் வகுத்தால் புரூட் எண். அது ஒன்றுக்குக் குறைந்தால், அலை ஓட்டத்தை எதிர்த்து ஏறும்; நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது கீழ்முனை. தட்டைக் கொழும்பின் கனால்கள் இந்தச் சாதிதான். கனாலின் வாயில் கடல் கொண்டுவந்து போடும் மணல்திட்டு உயர்ந்தால், அதற்குப் பின்னால் கனாலின் நீர்மட்டமும் உயரும். மழையை மட்டும் திட்டிப் பயனில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த பட்ச் நண்பன் இதைக் கேட்டுச் சிரித்தான்: "இதுக்குப் போய்ச் சமன்பாடோ? எங்கட ஊரில வெள்ளம் வந்தா முகத்துவாரத்தைத்தானே வெட்டுறது."

என் ஆய்வுப் பட்டத்துக்கான வருடங்களை விழுங்கியது வேறொரு எண். அயர்லாந்துப் பொறியியலாளர் ரொபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த, கால்வாய் ஓட்டத்தைக் கணக்கிடும் சூத்திரத்தில் வரும் கரடுமுரடுக் குணகம். வழுவழுப்பான கொங்கிறீற்றுக்கு 0.013 அளவில் எடுப்போம். களை மண்டிய கால்வாயில் அது 0.1ஐயும் தொடும். சரிவு அதேதான், ஆழமும் அதேதான், ஆனால் போகும் தண்ணீர் எட்டில் ஒன்றுக்குக் கிட்ட. சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் செய்யும் வேலை இது. கனாலை அகலமாக்கினால் பேப்பரில் படம் வரும். களை அள்ளுகிறவனை யார் படம் பிடிப்பார்கள்?

போன வருடம் மெல்பேர்னிலிருந்து வந்தபோது, தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டு பாலத்தில் நின்றேன். தோலைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் ஓட்டோ ஒன்று நின்றது. "என்ன ஐயா, சாவி விழுந்திட்டுதோ?"

"இல்லைத் தம்பி, தோடம்பழத் தோல்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வாகனங்களுக்கிடையில் றோட்டைக் கடந்து மறுபக்கம் வந்து குனிந்தேன். நிமிடம் இரண்டாகியும் தோல் பாலத்தடியை விட்டு வெளியே வரவில்லை.