பூ உதிர்ந்த பிறகு வரும் அழகு

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரி வளாகத்தில் தோட்டப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முளைத்துப் பூத்த காட்டுச்செடிகளெல்லாம் தை நெருங்கும்போது பழுப்பேறிக் காயத் தொடங்கும். "பொங்கலுக்குள்ள வெட்டிடுங்க, பார்க்க நல்லா இல்ல" என்று அப்போதுதான் உத்தரவு வரும். எனக்கோ வருடத்திலேயே வளாகம் மிக அழகாக இருப்பது அந்த நாட்களில்தான்.

வேலியில் படர்ந்திருக்கும் ஈஸ்வரமூலியைப் பாருங்கள். அதன் பூ இலைக்குள் ஒளிந்திருக்கும், பலர் கண்ணில் படவே படாது. காய் முற்றியதும் அடியிலிருந்து ஆறாகப் பிளக்கும். காம்பும் கூடவே ஆறு இழையாகப் பிரிய, சின்ன உறி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருக்கும். காற்று ஆட்ட ஆட்ட, உள்ளே அடுக்கியிருக்கும் தட்டை விதைகள் ஒன்றிரண்டாக வெளியே விழும். முடக்கத்தான் காயை உடைத்தால் மூன்று கறுப்பு விதைகள், ஒவ்வொன்றிலும் வெள்ளையாக ஓர் இதய வடிவம். வேலிப்பருத்தி வெடித்தால் பட்டுப் போன்ற பஞ்சு.

பட்டாசுக்காய்ச் செடி அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. ஆனாலும் எனக்குப் பிடிக்கும். காய்ந்த காயில் தண்ணீர் பட்டால்தான் வெடிக்கும். சிதறிய விதை ஈரத்தில் பிசுபிசுத்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். முளைக்க ஈரம் இருக்கும் நேரம் பார்த்துத்தான் விதையை வெளியே விடுகிறது. காய்ந்துபோன செடி என்று நாம் நினைப்பதற்குள் எவ்வளவு ஏற்பாடு!

எங்களோடு வேலை செய்யும் அக்கா ஒருவர் கிலுகிலுப்பைச் செடியைக் காலால் லேசாகத் தட்டிப் பார்ப்பார். சலசலவென்று சத்தம் வந்தால் விதை முற்றிவிட்டது. வராவிட்டால், "இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும் தம்பி" என்று நகர்ந்துவிடுவார். புல் கதிர்களில் சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து உட்காருவதும் அந்த நாட்களில்தான்.

தும்பை, நாய்க்கடுகு போன்ற ஓராண்டுச் செடிகளுக்கு விதையை விட்டால் வேறு வழி இல்லை. விதை விழும் முன் வருடா வருடம் வெட்டிக்கொண்டே இருந்தால் அவை மெல்லக் குறைந்துபோகும். மண்ணுக்கடியில் கிழங்கு வைத்திருக்கும் கோரைதான் மிஞ்சும். சுத்தம் என்ற பெயரில் நாம் கோரையை வளர்க்கிறோம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். அதற்காக எல்லாவற்றையும் விட்டுவிட முடியாது. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கிவிடுவோம். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும்.

பேசிப் பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். கட்டட முகப்பும் நடைபாதை ஓரமும் பொங்கலுக்கு முன்பே வெட்டப்படும். பின்பக்க வேலியோரம் மாசி கடைசி வரை அப்படியே இருக்கும். அதற்கு மேல் விட எனக்கே பயம். பங்குனி வெயிலில் காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித்துண்டு போதும். அந்த இடத்தில் மிஷின் வேண்டாம், அரிவாள்தான். அறுத்ததை இரண்டு நாள் அங்கேயே போட்டு வைத்து, உதறிவிட்டு, அப்புறம்தான் அள்ளுவோம்.

இந்த வருடம் விளையாட்டு மைதானத்தின் மேற்கு ஓரத்தையும் விட்டுவைக்கக் கேட்டிருக்கிறேன். "சரி, பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். கிலுகிலுப்பை அங்கேதான் அதிகம்.