ஏவாளுக்கு இலை வைக்கணுமாம்

ஆயில் பெயிண்டிங் படிக்கணும்னா பழைய மாஸ்டர் ஒருத்தர காப்பி பண்ணுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா அவங்க காட்டுறது முக்காவாசி ஆயில்ல வரஞ்ச படமாத்தான் இருக்கும். நான் எடுத்தது சுவர்ல இருக்குற ஒண்ணு. ஏதேன் தோட்டத்துலருந்து ஆதாமையும் ஏவாளையும் வெரட்டுற மசாச்சோங்குற இத்தாலி ஓவியரோட ஃப்ரெஸ்கோ (ஈரக் காரை மேல வரையுற சுவரோவியம்), ஃபிளாரன்ஸ்ல கார்மினே கோயிலுக்குள்ள பிரான்காச்சி சேப்பல்ல இருக்கு, 1425 வாக்குல வரஞ்சது. 1428ல மனுசன் செத்துப்போனாரு, 26 வயசுதான்.

அம்மைக்கு சுத்தமா புடிக்கல. "மாதா படம் ஒண்ணு வரச்சா ஹால்ல மாட்டலாம், இத எங்க கொண்டு வைக்க? ரெண்டு இலையாவது வரஞ்சு வை மக்ளே"ன்னா. நான் சிரிச்சிட்டேன், ஏன்னா 1680 வாக்குல ஃபிளாரன்ஸ்லயும் இதேதான் நடந்துச்சு, இலையும் கொடியும் வரஞ்சு ரெண்டு பேரையும் மறச்சாங்க, அது அப்டியே முந்நூறு வருசம் கெடந்து 1980கள்ல சுத்தம் பண்ணும்போதுதான் எடுத்தாங்க. இத அம்மைட்ட சொன்னேன். "அப்போ அவியளுக்கு வெவரம் இருந்திருக்கு"ன்னு சொல்லிட்டு அடுக்களைக்கு போய்ட்டா.

சரி, ஆயில் படிக்க ஏன் ஃப்ரெஸ்கோ? ஃப்ரெஸ்கோல ஈரச் சுண்ணாம்புக் காரை மேல தண்ணில கொழச்ச கலர்ப்பொடிய பூசுவாங்க, காரை காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைட இழுத்து திரும்ப கல்லா மாறும்போது கலர் அதுக்குள்ளயே மாட்டிக்கிடும். அதனால அன்னைக்கு வரைய முடியுற அளவுக்கு மட்டும்தான் காரை பூசணும், அதுக்கு ஜோர்னாட்டான்னு பேரு. காரை காஞ்சா முடிஞ்சுது. தேச்சு தேச்சு யோசிக்க நேரமே இல்ல. நமக்கு ஆயில்ல நேரம் கொள்ள கெடக்கு, அதுதான் படிக்கிறவங்களுக்கு வெனையே, நாள் முழுக்க கன்னத்த தேச்சுட்டே இருந்தா கடைசில மூஞ்சி சோப்புக்கட்டி மாதிரி ஆயிரும். மசாச்சோட்ட அந்த வழவழப்பு கெடையாது. ஏவாளோட கண்ண பாருங்க, ரெண்டு இருட்டுக் கோடு, கீழ தொறந்த வாயி, அவ்ளோதான், ஆனா அழுக காதுல கேக்கும்.

வெளிச்சம் எங்கருந்து வருதுன்னும் பாக்கணும். வலது பக்கத்துலருந்து. சேப்பலோட நெச ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கு, அதனால ஆதாமோட முதுகு இருட்டு, நெஞ்சும் வயிறும் வெளிச்சம், நெழலு காலுக்கு இடது பக்கமா விழுது. இத மட்டும் புடிச்சிட்டா தசையெல்லாம் தானா வரும், நான் படம் வைக்குற ஈசல் ஸ்டாண்ட கூட வலது பக்கம் ஜன்னல் வர்ற மாதிரி திருப்பி வச்சுட்டேன்.

கலர் விசயத்துல செலவு கம்மி. சுண்ணாம்பு தாங்குற கலர்தான் ஃப்ரெஸ்கோக்கு ஒத்துவரும், காவி, மஞ்சக்காவி, பச்சை மண்ணு, இப்டி பெரும்பாலும் மண்ணுதான், ஆயில்லயும் இந்த டியூபெல்லாம் வெல கொறவு. வெள்ள மட்டும் வேற. அவங்களுக்கு சுண்ணாம்பேதான் வெள்ள, நமக்கு டைட்டானியம் ஒயிட்டு. டைட்டானியம் எடுக்குற இல்மனைட்டு நம்ம மணவாளக்குறிச்சி கடல் மண்ணுலல்லா கெடக்கு, சின்ன வயசுல கால்ல ஒட்டுன கருப்பு மண்ணுலருந்து ஏவாள் தோள்பட்டைக்கு வெள்ள வருதுன்னு நெனச்சா எனக்கே சிரிப்பா இருக்கு. (என் டியூப்ல உள்ளது எந்த ஊரு மண்ணோ.)

மாமி கேட்டா, வீட்ல இவ்ளோ தேங்காண்ண இருக்கும்போது எதுக்கு லின்சீட் ஆயில (ஆளி விதை எண்ணெய) காசு குடுத்து வாங்குதன்னு. நல்ல கேள்விதான். தேங்காண்ண எத்தன வருசம் வச்சாலும் காயாது, லின்சீட் ஆக்ஸிஜன இழுத்து படலமா கெட்டியாகும். ஆனா அதுவும் நம்மூரு மழைக்கு மெதுவாத்தான். பர்ன்ட் அம்பர்ங்குற பழுப்பு மண்ணு கலர்ல மாங்கனீசு இருக்குறதால அது சீக்கிரம் காயும், அதான் மொத கோட்டிங் பூரா அம்பர்ல நெழல் மட்டும் போட்டேன், வெள்ளைய கடைசிக்கு வச்சுக்கிட்டேன். மேல போற கோட்டிங்ல எண்ணெ கூடணும், கீழ கொறயணும், மாறிச்சுன்னா பின்னால வெடிக்கும்.

இப்போ ரெண்டு பேரும் நிக்குறாங்க, நடக்குறாங்கன்னே சொல்லலாம். மேல வாளோட வர்ற செவப்பு அங்கி சம்மனசு (தேவதூதன்) மட்டும் பாக்கி, முன்னால சாஞ்சு பறக்குறதால உடம்பு சுருங்கித் தெரியும், அதுக்கு முன்ன தனியா பென்சில்ல போட்டுப் பாக்கணும். இலை வைக்கல. அம்மை இன்னும் கேட்டுட்டுதான் இருக்கா.