தெற்குவாடியில் காணாமல் போன நாலு நாள் கணக்கு

பாம்பன் தெற்குவாடியில் நண்டும் கணவாயும் எடுக்கும் ஒரு வியாபாரிக்கு எடைக் கணக்கு போட ஒரு செயலி செய்து கொடுத்தேன். படகு கரைக்கு வந்ததும் கூடையை நிறுத்து, படகு, ரகம், கிலோ, விலை என்று போனில் தட்டிவிட வேண்டும். பிளே ஸ்டோர் வம்பு வேண்டாமென்று பிரவுசரிலேயே ஓடும்படி செய்தேன். கரையில் டவர் வரும், போகும். அதனால் பதிவு முதலில் போனில் தங்கி, சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போக வேண்டும்.

முதலில் எடுத்தது லோக்கல் ஸ்டோரேஜ், பிரவுசர் ஒவ்வொரு தளத்துக்கும் போனில் ஒதுக்கும் சின்னச் சேமிப்பிடம். சோம்பல்தான் காரணம், எழுத ஒரு வரி, படிக்க ஒரு வரி. வெறும் எழுத்தைத்தான் அதில் வைக்க முடியும், இடமும் ஏறக்குறைய 5 எம்பிதான். கணக்குக்கு அது தாராளம். அப்புறம் வியாபாரி, "தராசையும் ஒரு போட்டோ எடுத்து வச்சிருவோம் தம்பி" என்றார். அதில் வைக்க, படத்தை பேஸ்64 என்ற முறையில் எழுத்தாக்கினால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இரண்டாம் நாளே இடம் தீர்ந்தது. அதற்கு முன்பே திரை திக்கித் திக்கித்தான் நகர்ந்தது. லோக்கல் ஸ்டோரேஜ் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் வேறு எதுவும் ஓடாது.

சரியென்று, பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளமான இன்டெக்ஸ்டு டிபிக்கு மாறினேன். அதில் நேரடியாக நிரல் எழுதுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் படத்தைப் படமாகவே வைக்கலாம், படகு வாரியாகத் தேடலாம், திரையும் நிற்காது. டவர் இல்லாமலும் திறக்கும்படி, செயலியின் பக்கங்களை சர்வீஸ் வொர்க்கர் என்ற பின்னணி நிரல் வழியாக, கேஷ் ஏபிஐ என்ற இன்னொரு சேமிப்பில் வைத்தேன். பார்த்த பக்கங்களை பிரவுசர் தானாக வைத்துக்கொள்ளும் எச்டிடிபி கேஷ் போதாதா என்று நண்பர் கேட்டார். வேகத்துக்குப் போதும், டவர் இல்லாதபோது பக்கம் திறக்குமா என்பதை அதை நம்பி விட முடியாது.

வியாபாரியின் கணக்குப்பிள்ளை வைத்திருந்தது ஐபோன். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் 61 நாள் கட்டிக் கிடந்தன. அதற்கு முந்தைய நாலு நாள் கணக்கு அவர் போனிலிருந்து சர்வருக்கு வரவே இல்லை. லாகின் காலாவதியாகியிருந்தது, என் நிரல் அதைச் சொல்லாமல் சும்மா இருந்துவிட்டது. ஜூனில் திறந்தால் எல்லாம் காலி. ஐபோனின் பிரவுசரான சஃபாரியை 7 நாள் பயன்படுத்தியும் ஒரு தளத்தை மட்டும் தொடாமல் விட்டால், அந்தத் தளம் தன் நிரல் (ஸ்கிரிப்ட்) வழியாக போனில் எழுதி வைத்ததை அது அழித்துவிடும். 2020 முதலே இப்படித்தான். முகப்புத் திரையில் சேர்த்த செயலிக்கு இந்தத் தொல்லை கிடையாது. சேர்க்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

கணக்குப்பிள்ளை சிரித்தார். "ஐஸ் பெட்டியில வச்ச நண்ட ரெண்டு மாசம் கழிச்சு வந்து கேட்டா இருக்குமா தம்பி? கையால எழுதின சீட்டு இருக்கு, விடுங்க."

எந்த ஸ்டோரேஜ், எத்தனை எம்பி என்றே அதுவரை பார்த்துக்கொண்டிருந்தேன். இது வேறெங்கும் இல்லாத ஒரே பிரதியா என்று கேட்டுப் பார்த்ததே இல்லை. பக்கங்கள் அழிந்தால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். அனுப்பாத எடை அப்படியில்லை. இப்போது அனுப்பாத பதிவுகளின் எண்ணிக்கை திரையின் தலையில் சிவப்பாக நிற்கும். சர்வர் வாங்கிக்கொண்டதாகச் சொன்ன பிறகே போனிலிருந்து நீக்குகிறேன். நிரந்தரமாக வைத்திருக்கும்படி பிரவுசரிடம் கோரிக்கையும் வைக்கிறேன்; ஏற்பதும் மறுப்பதும் அதன் இஷ்டம்.

கணக்குப்பிள்ளை இன்றும் சீட்டு எழுதுகிறார். நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.