பச்சையாக முடியும் பில்டை நம்பாதே

பைத்தான் டாக்குமென்டேஷன் கருவியைப் பராமரிப்பதில் பெரிய தொல்லை, அது தோற்றாலும் தோற்றதுபோலத் தெரியாது என்பதுதான். ஆவணப் பக்கங்களை உருவாக்கும் பில்ட் பிழை காட்டாமல் பச்சையாக முடியும், பக்கங்கள் அழகாக வரும், ஒரு மாட்யூலின் ஃபங்ஷன்கள் மட்டும் அதில் இருக்காது. இல்லாததை யார் கவனிப்பார்கள்? தேடி வந்தவர் "இதற்கு டாக்ஸ் எழுதவில்லை போல" என்று நினைத்து நேராக சோர்ஸைத் திறந்துவிடுவார், எங்களுக்குப் புகார்கூட வராது.

எங்களுடையது ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணம் உருவாக்கும் கருவிக்கான ஒரு எக்ஸ்டென்ஷன். பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காக எழுதப்பட்டு 2008-ல் வெளிவந்த ஸ்பிங்க்ஸில், டாக்ஸ்ட்ரிங்கை, அதாவது கோடுக்குள்ளேயே எழுதும் விளக்கத்தை, எடுத்துப் பக்கமாக்கும் பகுதிக்கு ஆட்டோடாக் என்று பெயர். அது ஒவ்வொரு மாட்யூலையும் நிஜமாகவே இம்போர்ட் செய்யும். அதாவது அடுத்தவர் கோடை ஓட்டிப் பார்த்துத்தான் அதைப் பற்றி எழுத முடியும். மாட்யூல் லோட் ஆகும்போதே டேட்டாபேஸைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள், பில்ட் மெஷினில் இல்லாத லைப்ரரியைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இம்போர்ட் தோற்றால் ஆட்டோடாக் ஒரு வார்னிங்கை அச்சிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். போலி மாட்யூல் வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் போலி கிளாஸை இன்ஹெரிட் செய்யும் கிளாஸுக்கு, மேலிருந்து வர வேண்டிய மெதட்கள் பக்கத்தில் வராது. இம்போர்ட் செய்யாமல் சோர்ஸை மட்டும் பார்ஸ் செய்யும் கருவிகளும் உண்டு. ஓடும்போது உருவாகும் மெதட்கள் அவற்றின் கண்ணில் படாது. நான் இம்போர்ட் கட்சிதான். வார்னிங்கை எல்லாம் எரராக மாற்றும் ஆப்ஷனைப் போட்டுவிட்டால், உடைந்தது உடனே தெரியுமே.

அப்புறம் டெஸ்ட். வந்த எச்டிஎம்எல்லை ஏற்கெனவே சேமித்து வைத்த ஃபைலோடு ஒப்பிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. எழுதுவது சுலபம், காப்பாற்றுவதுதான் கஷ்டம், ஏனென்றால் நாங்கள் ஒரு வரிகூட மாற்றாமலே பைத்தான் மாறிக்கொண்டிருக்கும். 3.10-ல், கமாண்ட்லைன் ஆப்ஷன்களைப் படிக்கும் ஆர்க்பார்ஸின் உதவித் தலைப்பு மாறியது. 3.13-ல் டாக்ஸ்ட்ரிங்கின் இன்டென்டேஷனை கம்பைலரே வெட்டத் தொடங்கியது. 3.14-ல், மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லும் ஆப்ஷனல் டைப்பைப் பிரின்ட் செய்தால் செங்குத்துக் கோடு போட்ட புது வடிவத்தில் வருகிறது. போதாததற்கு, டிஃபால்ட் மதிப்பாக ஒரு ஆப்ஜெக்ட் இருந்தால் அதன் மெமரி முகவரி சிக்னேச்சரில் வந்து நிற்கலாம், ஸ்ட்ரிங்குகள் உள்ள செட் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வரிசையில் வரலாம். இப்படிக் காரணமில்லாமல் சிவக்கும் டெஸ்டை ஆட்கள் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். சேமித்த ஃபைலைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதோடு உண்மையான பிழையும் சேர்ந்து "சரியான விடை" ஆகிவிடும். அதனால் இப்போது எச்டிஎம்எல்லைத் தொடுவதில்லை, அதற்கு முன் ஸ்பிங்க்ஸ் மெமரியில் கட்டும் டாக்ட்ரீயிடம், அதாவது பக்கத்தின் மர வடிவ அமைப்பிடம், கேள்வி கேட்கிறோம்: இந்த ஃபங்ஷனுக்கு என்ட்ரி இருக்கிறதா, பாராமீட்டர்கள் எல்லாம் வந்தனவா, இந்த லிங்க் போய்ச் சேருகிறதா.

ஆவணத்தில் எழுதிய உதாரணங்களை ஓட்டி, விடை பொருந்துகிறதா என்று பார்க்க டாக்டெஸ்ட் இருக்கிறது, பைத்தான் 2.1 காலத்திலிருந்தே. நல்ல விஷயம், ஆனால் வெளியீட்டில் மூன்று புள்ளி போட்டு எதையும் ஏற்கவைக்கும் வசதியை அளவோடு பயன்படுத்த வேண்டும். முழு விடையும் மூன்று புள்ளியாக இருக்கும் டெஸ்ட்களைப் பார்த்திருக்கிறேன், அவற்றை அழித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

ரொம்ப நேரம் தின்பது, மாறிய பக்கங்களை மட்டும் மறுபடி உருவாக்கும் இன்க்ரிமென்டல் பில்ட். ஸ்பிங்க்ஸ் முந்தைய ஓட்டத்தின் தகவல்களை டிஸ்கில் பிக்கிள் செய்து, அதாவது ஃபைலாகச் சேமித்து, வைக்கும். எக்ஸ்டென்ஷன் அதில் தன் பங்கிற்கு எதையாவது சேமித்து, பக்கம் மாறும்போது பழையதைத் துடைக்கவில்லை என்றால், எப்போதோ நீக்கிய ஃபங்ஷன் இன்டெக்ஸில் உயிரோடு இருக்கும். "பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு ஓட்டுங்கள்" என்ற பதில் இங்கே பிரபலம், எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல். ஒவ்வொரு முறையும் காலி ஃபோல்டரில் தொடங்கும் டெஸ்ட் இந்தப் பிழையைப் பிடிக்கவே பிடிக்காது. அதனால் பில்ட் செய்து, ஒரு ஃபங்ஷனை நீக்கி, அதே ஃபோல்டரில் மறுபடி பில்ட் செய்யும் டெஸ்ட்கள் தனியாக வைத்திருக்கிறோம். பல ப்ராசஸ்கள் ஒரே நேரத்தில் ஓடும் பேரலல் பில்டில் ஒவ்வொரு ப்ராசஸும் சேர்த்ததை ஒன்றாக்கும் வேலையும் நம் தலையில்தான், அதற்கும் இதே மாதிரி.

புது பைத்தான் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் வருகிறது, பீட்டா மே மாதமே கிடைத்துவிடும். டெஸ்ட்களை அப்போதிருந்தே பீட்டாவிலும் ஓட்டுகிறோம், அங்கே சிவந்தால் புது மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் நிற்காது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட் தானாகத் திறக்கும். அக்டோபருக்குள் அவற்றை மூட வேண்டும் என்பது ஒப்பந்தம்.