லாகினும் ஒரு மரக்கட்டையும்

காலையில் மூணு தடவை பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டதில் ஒரு ஆப் என்னை வெளியே தள்ளிவிட்டது. கடுப்பில் யோசித்தேன். தினமும் ‘லாகின்’ என்கிறோமே, அந்த ‘லாக்’ யார்?

சாட்சாத் மரக்கட்டைதான்!

பாய்மரக் கப்பலில் வேகம் காட்ட மீட்டர் ஏது? கால்வட்ட வடிவில் ஒரு பலகை; அதற்குப் பெயர்தான் ‘லாக்’. தண்ணீரில் நிமிர்ந்து நிற்பதற்காக வளைந்த விளிம்பில் ஈயம் பதித்திருப்பார்கள். கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கம் வீசினால், பலகை விழுந்த இடத்திலேயே நிற்கும்; கப்பல் போகப் போகக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். அந்தக் கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. ஒருத்தர் 28 விநாடி மணற்கடிகாரத்தைக் கவிழ்க்க, இன்னொருத்தர் கை வழியே நழுவும் முடிச்சுகளை எண்ணுவார். ஆறு முடிச்சு போனால் வேகம் ஆறு ‘நாட்’. புயல் அறிவிப்பில் இன்றைக்கும் வருகிறதே, அதே நாட்தான். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். (கயிறு நனைந்தால் சுருங்கும் என்பதால் அடிக்கடி அளந்து பார்க்கவும் வேண்டும். பாவம்.)

அந்தக் கணக்கை எழுதிவைத்த நோட்டு ‘லாக்புக்’. கணினிக்காரர்கள் அதை அப்படியே தூக்கிக்கொண்டார்கள்; உள்ளே வருவதைப் பதிவது ‘லாகின்’ ஆனது. 1997இல் ‘வெப்லாக்’ (இணையத்தில் எழுதும் குறிப்பேடு) என்ற சொல் வந்தது. 1999இல் ஒருவர் அதையே விளையாட்டாக ‘வீ பிளாக்’ என்று பிரித்து எழுத, பிளாக் பிறந்தது.

என் பாஸ்வேர்ட் மட்டும் இன்னும் கரை சேரவில்லை.